மூன்றாவது மெஷினின் சூடு

தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு. மறுபடியும் தொண்ணூற்றொன்று.

ராசாத்தி டேபிள் ஃபேனை ஸ்டூலிலிருந்து இறக்கி, மூன்றாவது மெஷினின் முதுகுக்கு நேராகத் தரையில் வைத்தாள். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் சூட்டின் எண் இறங்கவில்லை. ஃபேனை முழு வேகத்துக்குத் திருப்பப் போனாள். அது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கதவு நிலையில் தொங்கவிட்டிருந்த ஈரச் சாக்கு காய்ந்து அட்டைபோல் விறைத்துவிட்டது. அதை உருவிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். நனைத்து எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். சொட்டிய தண்ணீர் நடு முற்றமான வளவு நெடுகக் கோடு போட்டது. வந்து பார்த்தபோது தொண்ணூற்று மூன்று.

நூறைத் தொட்டால் மெஷின் தானாக அணைந்துவிடும். யாரையும் கேட்காது.

காலையில் வாசல் தெளித்த கையோடு வந்து உட்கார்ந்து மூன்று மெஷினிலும் அந்த வரியை அடித்திருந்தாள். ஸ்ட்ரெஸ் என்று தொடங்கும் வரி. அதன் பின்னால் எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாக, நடுவில் இடம் விட்டு அடிக்க வேண்டும். என்டர் தட்டியதும் மெஷினுக்குள் இருக்கிற அத்தனை மூளைகளும் ஒரே சமயத்தில் கணக்குப் போடத் தொடங்கும். எதற்கும் உதவாத கணக்குகள். போட்டு, அழித்து, மறுபடி போட்டு. படம் எதுவும் வராது. விடையை யாரும் கேட்கப் போவதில்லை. எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு வேலை.

சாயங்காலம் வரை அது நிற்காமல் ஓடினால் மெஷின்கள் இந்த வீட்டிலேயே இருக்கும். ஒன்று நின்றாலும் திருச்சியிலிருந்து பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர் வண்டியோடு வந்து மூன்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

முந்தைய நாள் போனில் அர்ச்சனா அப்படித்தான் சொன்னாள். வீட்டுப் பங்குக்காரர் ஒருவரின் மகள்; ராசாத்திக்கு அவள் சின்னாச்சி. அர்ச்சனாவுக்குச் சென்னையில் அனிமேஷன் வேலை. விளம்பரங்களுக்குப் படம் வரைந்து அசைய வைத்துக் கொடுப்பாள். வரைந்ததைப் படமாகச் சமைத்து எடுக்கத்தான் இந்த மெஷின்கள்.

"அக்கா, என்னால இனிமே முடியாதுக்கா. போன வாரமும் பாதியில நின்னுபோச்சு. கிளையன்ட் என்னைப் போட்டுக் காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சுறான். ஒரே ஒரு டெஸ்ட் போடுங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். பாஸாச்சுன்னா அங்கயே கெடக்கட்டும். இல்லாட்டி வித்துட்டு நெட்லயே மெஷின வாடகைக்கு எடுத்துக்கறேன்."

"நாளைக்கேவா சின்னாச்சி?"

"நாளான்னிக்கு உங்க ஊர்ல பூரா நாளும் கரண்டு கட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? திருச்சிக்காரர் அதுக்கு மேல நிக்க மாட்டாராம்."

"ரெண்டு நல்லாத்தான் ஓடுது. அந்த மூணாவதுதான் கொஞ்சம் சூடாவுது."

"அதுதானேக்கா பெருசு. அது இல்லாம மத்த ரெண்டையும் வச்சு நான் என்ன பண்றது?"

போடுகிறேன் என்று மட்டும் ராசாத்தி சொன்னாள்.

மெஷின்கள் இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. சென்னையில் ஆபீஸ் வாடகை கட்டுப்படியாகாமல் அர்ச்சனா வேலையை வீட்டுக்கு மாற்றிக்கொண்டாள். அவளுடைய ஃபிளாட்டில் மூன்றையும் ஓட விட்டால் கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். திருமயத்துக்குப் பக்கத்தில் அத்தனை பெரிய வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அப்பா முருகப்பனின் பங்கு அறையில் மூன்றும் வந்து உட்கார்ந்தன. ஃபைபர் கேபிள் தெருமுனை வரை வந்திருந்தது. ஏ.சி.தான் இல்லை. முட்டைச் சுண்ணாம்பு பூசி இழைத்த சுவரில் துளை போடப் பங்காளிகள் யாரும் சம்மதிக்கவில்லை.

வீடு நான்கு பங்கு. வாசலும் வளவும் கிணறும் எல்லோருக்கும் பொது. வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் அவரவர்க்குத் தனி. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பூட்டு. வருஷத்தில் ஒரு முறை படைப்புக்கு எல்லோரும் வருவார்கள். முன்னோருக்குப் படைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, அவரவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கார் ஏறுவார்கள். மீதி நாளெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்ள ராசாத்தி மட்டும். அதற்கு முன்பு அவள் அப்பா. அப்பா சாவிக் கொத்தை அவள் கையில் கொடுத்தபோது வேறு எதுவும் சொல்லவில்லை. பங்குக்காரர் வாயால் சொல்லாமல் அவர் அறையைத் திறக்காதே, கூட்டுவதற்குக்கூடத் திறக்காதே என்றார். பக்கத்துப் பங்குக்காரரே வந்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாலும் தெரியாது என்று சொல் என்றார்.

அவள் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரௌசிங் சென்டரில் இருந்தாள். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அதை ஜெராக்ஸ் கடையாக்கினார்கள், பிறகு ஜூஸ் கடை. நடுவில் பொன்னமராவதியில் கட்டிக்கொடுத்தார்கள். தலை ஆடிக்கு அப்பா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆடி முடிந்தது. அங்கிருந்து யாரும் கூப்பிட வரவில்லை. இவளும் போகவில்லை. ஏன் என்று ஊரில் கொஞ்ச நாள் கேட்டார்கள். கேட்டவர்களும் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள்.

மெஷின்கள் வந்த பிறகுதான் வீட்டில் சத்தம் என்று ஒன்று வந்தது. அர்ச்சனா அங்கிருந்தபடியே இந்த மெஷின்களுக்குள் நுழைவாள். அப்போது ராசாத்தி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் எழுத்துகள் தாமாக வந்து விழுவதைப் பார்க்கலாம். யாரும் தொடாத கீபோர்டு. ஆனால் திரையில் ஒருத்தி அடிக்கிறாள், தப்பு விடுகிறாள், அழிக்கிறாள். முதல் தடவை ராசாத்தி எழுந்து நின்றுவிட்டாள். பிறகு அதற்காகவே உட்காரத் தொடங்கினாள். ஒருநாள் வரியின் தொடக்கத்தில் வேலித் தட்டி போல ஒரு குறி வந்தது. அதன் பின்னால், சாப்டீங்களா அக்கா என்று இங்கிலீஷ் எழுத்தில். அந்தக் குறிக்குப் பின்னால் வருவதை மெஷின் படிக்காது, மனுஷங்க மட்டும் படிப்பாங்க என்று அர்ச்சனா போனில் விளக்கினாள். ராசாத்தியும் அதே குறியைப் போட்டு, ரசம் என்று அடித்தாள். அதிலிருந்து அது நடந்து வந்தது. ஊரில் மழையா. இல்ல, மூட்டம் மட்டும். அம்மாவுக்கு முட்டி வலி. நல்லெண்ணெய் போடச் சொல்லுங்க.

மெஷின் சிக்கிக்கொண்டால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. இங்கே ஒரு ஆள் பட்டனை அமுக்க வேண்டும், ஃபேனில் சேரும் தூசியைத் தட்ட வேண்டும், டெம்பரேச்சர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று அர்ச்சனா ஒவ்வொரு கட்டளையாகப் போனில் சொல்லிக் கொடுத்திருந்தாள். ராசாத்திக்கு அவை வாய்ப்பாடு போலப் பதிந்திருந்தன.

டெஸ்ட் ஓடும்போது அர்ச்சனாவால் உள்ளே வர முடியவில்லை. அவளுக்கு மீட்டிங். மெஷினுக்கும் வேறு எதையும் கவனிக்க நேரமில்லை. திரையில் எண்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன.

"யக்கா! வீட்டுக்குள்ள ஏரோப்ளேன் கீது எறக்கியிருக்கியா?"

கேபிள் முத்துராஜ் வளவில் நின்றுகொண்டிருந்தான். தோளில் ஒயர் சுருள். பக்கத்துத் தெருவில் லைன் அறுந்துபோனதைப் பார்க்க வந்தவன், தண்ணீர் குடிக்க இங்கே நுழைந்திருந்தான்.

"செருப்பக் கழட்டுடா மொதல்ல."

"கழட்டிட்டேன். சத்தம் தெருமுனைக்குக் கேக்குது. நீ ஏதோ மாவு மில்லு வச்சிட்டியோன்னு நெனச்சேன்."

"மில்லுதான். மாவுதான் வராது."

"பெறகு என்னத்துக்கு ஓட்டுற?"

"ஓடுதான்னு பாக்கத்தான்."

முத்துராஜ் சொம்பை அண்ணாந்து குடித்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தான். முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "யாத்தே, அடுப்பாங்கரை தேவலாம். வெளிய மேலக்காத்து ஆளத் தூக்குது, ஒயரப் புடிச்சு நிக்க முடியல. இங்க ஒரு பொட்டுக் காத்து இல்ல." அறையின் மேற்குச் சுவரில் இருந்த சின்னக் கதவைக் காட்டினான். "இது எங்கிட்டுப் போவுது?"

"சூர்யநாராயணன் ஐயா பங்கு. அங்கிட்டுத் தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"அதுலதானே சந்துப் பக்கமா ரெண்டு பெரிய சன்னல் இருக்கு? அதத் தொறந்துவிட்டா காத்து ராசா மாதிரி வருமே."

"அது நம்ம ரூமு இல்லடா."

"காத்துக்குமா பங்கு பிரிச்சிருக்காக?" என்று சிரித்துக்கொண்டே சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

தொண்ணூற்று ஐந்து.

அவன் சொன்னது அவளுக்குத் தெரியாததில்லை. இரண்டு பங்கும் ஒரு காலத்தில் அண்ணன் தம்பி புழங்கிய அறைகள். நடுவில் ஒரு கதவு, போக வர. பாகம் பிரித்தபோது அந்தக் கதவு அந்தப் பக்கம் தாழிடப்பட்டது. மூலை அறை என்பதால் காற்றும் வெளிச்சமும் அந்தப் பங்குக்குப் போயின. முருகப்பனின் பங்குக்கு வந்தது உயரத்தில் ஒரு கையகல வெண்டிலேட்டர்.

அவள் கீபோர்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது மெஷினில் ஓடுவதை நிறுத்திவிட்டு, அதே வரியைக் கொஞ்சம் மாற்றி அடித்தால் போதும். பதினாறு என்று இருக்கும் இடத்தில் எட்டு. பாதி மூளை சும்மா இருக்கும், சூடு இறங்கிவிடும். முடிவில், டெஸ்ட் முடிந்தது என்ற வரி எப்படியும் வரும். அர்ச்சனாவுக்கு அனுப்பப் போனில் படம் எடுக்கும்போது மேலே இருக்கும் எண்ணை ஓரமாக விட்டுவிடலாம். ஓடுவதை நிறுத்தாமல் இன்னொரு விண்டோவில் அடித்தும் பார்த்தாள். எட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கட்டம் விட்டு விட்டு மின்னியது. என்டருக்கு விரல் போகவில்லை. அடுத்த வாரம் நிஜமான வேலை வரும். அப்போது பதினாறும் ஓடும். அப்போது நிற்கும். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழித்தாள்.

தொண்ணூற்று ஆறு.

சூர்யநாராயணனுக்குப் போன் போட்டாள். சென்னை அண்ணா நகரில் மகன் வீட்டில் இருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருப்பார். முழு ரிங் போய் நின்றது. இன்னொரு முறை போட்டாள். அதுவும் போய் நின்றது. முருகப்பனைக் கூப்பிடலாம் என்றால், அவர் பங்காளி அறையைத் திறக்கச் சொல்லும் ஆள் இல்லை. அர்ச்சனா மீட்டிங்கில் இருந்தாள்.

தொண்ணூற்று ஏழு. மெஷினின் சத்தம் மாறியது. இதுவரை இரைந்தது, இப்போது கீச்சென்றது.

ராசாத்தி சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றி மூலை அறைக்குப் போனாள். இரண்டு வருஷமாகத் திறக்காத பூட்டு. தேங்காய் எண்ணெய் விட்டு, சாவியை முன்னும் பின்னும் ஆட்டி, கடைசியில் இரண்டு கையாலும் திருகினாள். கதவு திறந்தபோது உள்ளேயிருந்து ஜவ்வாதும் பாச்சா உருண்டையும் கலந்த வாடை வந்தது. சூர்யநாராயணனின் மனைவி, ஆச்சி, ஜவ்வாது வைத்துக்கொள்வார். எதிரே வந்தால் ஆள் தெரிவதற்கு முன்னால் அது தெரியும். அவர் தவறிப்போன பிறகு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுகூட இந்த அறை வேண்டாம் என்று ஐயா சொல்லியிருந்தார்.

அவள் வாசலிலேயே நின்றாள். ஒரு கட்டில், சுருட்டிய பாய். சுவரோரம் ஆச்சி கல்யாணத்துக்குக் கொண்டு வந்த சாமான்கள், அண்டாவிலிருந்து கும்பா வரைக்கும், பெரியது பின்னாலும் சின்னது முன்னாலுமாக. எல்லாவற்றின் மேலும் செய்தித்தாள் மூடியிருந்தது. அந்தப் பக்கம் மெஷின் கீச்சிட்டது இங்கே சுவர் வழியாகக் கேட்டது.

உள்ளே போனாள். நடுக் கதவின் தாழ்ப்பாளைச் செங்கல்லால் தட்டி இழுத்தாள். பிறகு சந்துப் பக்கத்துச் சன்னல்கள். முதல் சன்னலின் கொக்கியை எடுத்தவுடன் காற்று பலகையை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அறைந்தது. செய்தித்தாள்கள் எழுந்து பறந்தன. அவற்றைப் பிடிக்க நேரமில்லை. இரண்டாவது சன்னலையும் திறந்தாள். ஆடிக் காற்று ஐயாவின் அறை வழியாக வந்து, நடுக் கதவில் நெருங்கி, மெஷின்களின் முதுகைத் தடவிக்கொண்டு, ஈரச் சாக்கைத் தூக்கியடித்துவிட்டு வளவுக்குள் போனது.

அவள் திரைக்கு ஓடினாள். தொண்ணூற்று ஏழு. ஏழு. ஆறு. பிறகு நான்கு. கொஞ்ச நேரத்தில் தொண்ணூறுக்குக் கீழே வந்து, எண்பத்தாறில் நின்றது. கீச்சு அடங்கியது.

ராசாத்தி நடுக் கதவின் நிலையில் உட்கார்ந்தாள். முதுகு ஒரு பங்கில், கால் ஒரு பங்கில். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்துச் சாப்பிட்டாள். இந்த வீட்டிலேயே வளர்ந்தவள், இரண்டு அறையையும் ஒன்றாக அவள் பார்த்ததில்லை. மேற்கிலிருந்து வெளிச்சம் தடையில்லாமல் வந்து கம்ப்யூட்டர் மேஜையின் கால்வரை விழுந்தது. பறந்த தாள்களைப் பொறுக்கி, மறுபடி போர்த்த முயன்றாள். நிற்கவில்லை. சாமான்களை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்து அப்படியே விட்டாள். இடத்தை மாற்றவில்லை. நேரம் வேகமாகப் போனது. ஒருமுறை அவள் ஏதோ முனகிக்கொண்டிருப்பது அவளுக்கே கேட்டது. நிறுத்தினாள். பிறகு, யார் கேட்கப் போகிறார்கள் என்று தொடர்ந்தாள்.

சாயங்காலம் ஆனதும் முதல் மெஷினும் இரண்டாவதும் அடுத்தடுத்து முடித்தன. மூன்றாவதில் எண்கள் நின்றன. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு, வெற்றிகரமாக முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து விழுந்தது. ஃபேன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவள் போனை எடுத்து, முழங்கையை வயிற்றில் ஊன்றிக்கொண்டு, படம் எடுத்தாள். பதினாறு என்ற எண்ணும் கடைசி வரியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு அடி பின்னால் போய் இன்னொன்று எடுத்தாள். அது இன்னும் நன்றாக விழுந்திருந்தது. அதையே அர்ச்சனாவுக்கு அனுப்பினாள்.

அர்ச்சனா உடனே கூப்பிட்டாள்.

"அக்கா! நெசமாவா? மூணுமா?"

"மூணும்தான். மூணாவது தொண்ணூத்தேழு வரைக்கும் போயிருச்சு. பெறகு எறங்கிருச்சு."

"எப்படிக்கா எறங்குச்சு?"

"காத்து வந்துச்சு."

"உங்களுக்குக் கோயில் கட்டணும்க்கா. திருச்சிக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடுறேன். நாளைக்குக் கரண்டு வந்ததும் சொல்லுங்க, அந்த நகைக்கடை வேலையை ஏத்திடலாம். சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"பொய் சொல்லாதீங்க."

"இல்ல, நெசமாவே சாப்ட்டேன்."

போனை வைத்துவிட்டு ராசாத்தி சன்னல்களைச் சாத்தினாள். நடுக் கதவைத் தாழிட்டாள். அறையைக் கூட்டி, தாள்களைப் போர்த்தி, கட்டிலின் பாயை நேராக்கி, பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்தாள். ஐயாவுக்கு மறுநாள் காலையில் தானே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சூர்யநாராயணன்.

"ராசாத்தி."

"ஐயா, மத்தியானம் ஒங்களுக்குப் போன்..."

"பாத்தேன். முருகப்பன் மக பங்காளி குரூப்புல ஒரு படம் போட்டிருக்கா. நம்ம வீட்டுல என் மெஷின் பாஸாயிருச்சுன்னு. எல்லாரும் கை தட்டியிருக்காக. அதுல பின்னாடி தெரியிறது எங்க பங்கு உள்வீடுதானே?"

ராசாத்தி அந்தக் குரூப்பில் இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, தான் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தாள். திரைக்குப் பின்னால் நடுக் கதவு விரியத் திறந்திருந்தது. மேற்கு வெயிலில் ஆச்சியின் பித்தளைச் சாமான்கள் பளிச்சென்று, போர்வை இல்லாமல், வரிசையாகத் தெரிந்தன. எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. அர்ச்சனா படைப்புக்கு மட்டும் வந்து போகிறவள். எது யாருடைய கதவு என்று அவளுக்குத் தெரியாது.

"இருக்கியா?"

"இருக்கேங்கய்யா. ஒங்க பங்குதான். நான்தான் தொறந்தேன். மெஷினு நிக்கப் பாத்துச்சு. ஒங்களுக்கு ரெண்டு தடவ அடிச்சேன்."

"நான் எடுக்கல. எடுக்கலைன்னா தொறக்கலாம்னு ஒங்கப்பன் சொல்லிக் குடுத்தானா?"

"இல்லங்கய்யா."

"அவன் இருந்தப்ப அண்ணன் தம்பி நாங்கல்லாம் சண்டை போட்டோம், கோர்ட்டுக்குப் போனோம். ஒரு நாளு அவன் சாவியில எங்களுக்குச் சந்தேகம் வந்ததில்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு பொருளும் போயிருக்காது. அது எனக்குத் தெரியும். அதுக்கு நான் கேக்கல. நீ மொதல்ல கதவத் தொறந்தப்ப உள்ள வாடை இருந்துச்சா?"

அவளுக்குப் புரிந்தது.

"இருந்துச்சுங்கய்யா. ஜவ்வாது வாடை."

"இப்ப?"

"காத்துல போயிருச்சுங்கய்யா."

"படைப்புக்கு வந்து நானே தொறக்கணும்னு வச்சிருந்தேன். சரி ஆத்தா. எங்க பங்குச் சாவிய கொரியர்ல போட்டுவிட்டுரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு முருகப்பன் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. அவருக்குத் திட்டத் தெரியாது. "என்னத்தா இப்படிப் பண்ணிட்டே" என்றார். குரூப்பில் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, பழைய கோர்ட் விஷயமெல்லாம் வந்துவிட்டது, பொது வீட்டில் சொந்தத் தொழில் நடத்தலாமா என்று மூன்றாவது பங்குக்காரர் கேட்கிறார் என்றார். "படைப்பு வருது. சூர்யநாராயணன் அண்ணன் எங்களோட ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும் எனக்கு. மெஷின எடுத்துர்றோம்னு எழுதிட்டேன். அந்தப் புள்ளைக்கும் சொல்லிட்டேன். ஒன்னைய யாரும் ஒண்ணும் சொல்லல. நீ எப்பவும் போல இரு."

"எப்பங்கய்யா எடுக்குறாக?"

"திருச்சிக்காரரு காலையில வாராராம்."

கடைசியில் அர்ச்சனா. இந்த முறை அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா. நான்தான் சந்தோஷத்துல போட்டுத் தொலைச்சிட்டேன். ஏன்க்கா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பீங்க."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நின்னா நின்னுட்டுப் போவுதுன்னு விட்டிருக்கலாம்ல? விட்டிருந்தா மெஷினு மட்டும்தானே போயிருக்கும்."

அந்த வேலித் தட்டிக் குறிக்குப் பின்னால் ரசம் என்று அடித்த நாள் ராசாத்திக்கு நினைவுக்கு வந்தது.

"பாஸாயிருச்சுல்ல சின்னாச்சி?" என்றாள்.

"ஆயிருச்சுக்கா. சூப்பரா ஆயிருச்சு. அதனால திருச்சிக்காரர் நல்ல வெலைக்கே எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு." அர்ச்சனா நிறுத்தினாள். "நான் அடிக்கடி போன் பண்றேன்க்கா."

"பண்ணுங்க."

"அவரு லைன்ல வர்றாருக்கா, வச்சிடட்டுமா?"

"வைங்க."

ராசாத்தி அறைக்குப் போனாள். மூன்று மெஷினும் வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அணைக்கும் கட்டளையை அடித்தாள். ஒவ்வொன்றாக அணைந்தன.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பத்தரைக்குத் திருச்சி வண்டி வந்தது. டிரைவரும் இன்னொருவரும் மெஷின்களைப் பழைய போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். ஒயர்கள் எல்லாம் வேண்டும் என்றார்கள், எடுத்துக் கொடுத்தாள். டேபிள் ஃபேனையும் ஏற்றப் பார்த்தார்கள். அது வீட்டு ஃபேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். முத்துராஜ் வந்து ஃபைபர் கேபிள் பெட்டியைக் கழற்றட்டுமா என்று கேட்டான். அர்ச்சனாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மத்தியானம் பஸ்ஸில் திருமயம் போய், மூலை அறைச் சாவியை ஒரு துணியில் முடிந்து, கொரியரில் அண்ணா நகர் விலாசத்துக்கு அனுப்பினாள். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வந்து முருகப்பனின் பங்கு அறையைக் கூட்டி, சாக்கை மடித்து வைத்து, பூட்டினாள். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. விளக்கேற்றினாள். சோறு மீந்திருந்தது. தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள்.